மரியா கல்லாஸ் பாடிய கச்சேரிப் படம்: முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நம் வீடுகளில் பாட்டு என்றால் கோயில் பாட்டு, சினிமாப் பாட்டு, அவ்வளவுதான். கதையைப் பாட்டாகவே பாடி நடிக்கிற ஐரோப்பிய நாடகமான ஓபராவுக்கு அங்கே இடம் இருந்ததில்லை, இருக்க விடவும் இல்லை. நிறவெறிக் காலத்தில் பெரிய அரங்குகள் வெள்ளையருக்கு மட்டும்தான், கேப் டவுனில் 1971இல் திறந்த நிகோ மாலன் அரங்குகூட முதலில் அப்படித்தான் இருந்தது. இப்போது யாரும் தடுப்பதில்லை, யூடியூபில் தேடினால் ஓபராப் பாடகி மரியா கல்லாஸ் வந்து நிற்கிறார். ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கல்லாஸ் (1923–1977) ஒரு முழு ஓபராவில் நடித்த படம் ஒன்றுகூட கிடையாது. ‘டோஸ்கா’வின் இரண்டாம் அங்கம் மட்டும் இருக்கிறது, மற்றபடி கச்சேரிகள்தான். 1958 டிசம்பர் 19இல் பாரிஸில் ஒன்று, ஹாம்பர்க்கில் 1959 மே மாதமும் 1962 மார்ச் மாதமும் இரண்டு. எல்லோரும் பாரிஸிலிருந்து தொடங்கச் சொல்வார்கள், அதில் ‘காஸ்டா டீவா’ இருக்கிறது, புகழ்பெற்ற பாட்டு. நான் ஹாம்பர்க் 1959ஐத்தான் சொல்வேன். பாரிஸில் பெரிய மனிதர்கள் கூடிய விழாக்கோலம், அதில் கண் அலைந்துவிடும். ஹாம்பர்க்கில் ஒரு மேடை, ஒரு வாத்தியக் குழு, ஒரு பெண், அவ்வளவுதான். 1958ஆம் வருஷம் அவருக்குப் பொல்லாத வருஷம்: ஜனவரியில் ரோமில் உடம்பு முடியாமல் முதல் அங்கத்தோடு நிறுத்தினார், அதற்கு நாடே திட்டியது, நவம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. பெரிய ஓபரா அரங்குகளில் கதவு ஒவ்வொன்றாக அடைபட்ட பிறகு ஊர் ஊராகக் கச்சேரி செய்தபோது எடுத்த படம் இது. பாடுகிறவர் என்ன நிலையில் வந்து நிற்கிறார் என்பது தெரிந்திருந்தால் அவர் நடந்து வருகிற விதமே வேறு மாதிரி தெரியும்.

டிவியைச் சரிசெய்வது முக்கியம், இதை யாரும் சொல்வதில்லை. அந்தக் காலப் படம் அகலம் குறைந்தது, புது டிவி அதை இழுத்துத் திரை முழுக்க நிரப்பும், முகம் பரந்து போய்விடும். செட்டிங்ஸில் நான்குக்கு மூன்று அளவு என்று வையுங்கள், இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும். அசைவை வழவழப்பாக்குகிற வசதியையும், குரலைத் தூக்கிக் கொடுக்கிற ஒலி வசதிகளையும் அணைத்துவிடுங்கள். போனில் பார்க்கவே வேண்டாம், டிவி இல்லை என்றால் லேப்டாப்பும் நல்ல ஹெட்போனும் போதும். மின்வெட்டும் டேட்டா விலையும் நமக்குத் தெரிந்த கதைதான், அதனால் முடிந்தால் முன்கூட்டியே டவுன்லோடு செய்து வையுங்கள், அல்லது டிவிடி வாங்குங்கள். நடுவில் நின்று நின்று ஓடினால் இந்தப் பாட்டுகளில் ஒன்றும் மிஞ்சாது.

அடுத்தது கதை. 1959 கச்சேரியில் அவர் பாடுவது ஐந்து ஓபராக்களிலிருந்து: ஸ்பொந்தீனியின் ‘லா வெஸ்தாலே’, வெர்டியின் ‘மாக்பெத்’, ரொஸ்ஸீனியின் ‘செவில் நாவிதன்’, வெர்டியின் ‘டான் கார்லோ’, பெல்லீனியின் ‘இல் பிராத்தா’. ஒவ்வொன்றிலும் அந்தப் பெண் யார், இந்தப் பாட்டுக்கு ஒரு நிமிஷம் முன்னால் அவளுக்கு என்ன நடந்தது, இந்த இரண்டை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டின் பொருளை ஒரு தடவை வாசித்துவிட்டுத் தாளை மூடி வைத்துவிடுங்கள். பாடும்போது கீழே ஓடுகிற எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தால் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள், முகத்தைப் பார்க்கவில்லை என்றால் வெறும் ஒலிப்பதிவையே கேட்டிருக்கலாம்.

முகம் என்று நான் சொல்வது பாடுகிற நேரத்து முகத்தை மட்டும் இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் வாத்தியம் மட்டும் வாசிக்கிற பகுதி வரும். நம் பழக்கத்தில் அது பேசிக்கொள்ளும் நேரம், இங்கே அப்படிச் செய்யாதீர்கள், கல்லாஸ் பாட ஆரம்பிப்பதே அங்கேதான். கைதட்டல் ஓய்ந்ததும் அவர் சும்மா நிற்கிற பாடகிதான், வாத்தியம் எழுந்ததும் கண் மாறும், உதடு மாறும், தோள்பட்டைகூட வேறொருத்தியுடையதாகிவிடும். இன்னொன்று, அவருக்குக் கிட்டப்பார்வை, மேடையில் கண்ணாடி போட மாட்டார், இசை நடத்துநரின் கை அவருக்குச் சரியாகத் தெரியாது. அதனால்தான் நடத்துநர் நிக்கோலா ரெஷினியோ பக்கம் அவர் அடிக்கடி திரும்புவதில்லை. எல்லாம் காதுக் கணக்கு.

‘மாக்பெத்’தில் சீமாட்டி முதலில் நிதானமாகப் பாடுவாள், அப்புறம் வேகம் பிடிப்பாள். விருத்தம் பாடி முடித்துப் பாட்டுக்குள் இறங்குகிற மாதிரிதான். அந்தக் காலத்து இத்தாலிய ஓபராவில் இப்படித்தான் கட்டுவார்கள், நடுவில் ஏதாவது சேதி வரும், அதுதான் வேகத்துக்குக் காரணம். நாடகத்தில் இங்கே சேவகன் வந்து ராஜா இன்றிரவு இந்த வீட்டுக்கே வருகிறார் என்று சொல்வான். அதைத் தெரிந்து வைத்திருந்தால் அந்தக் கண்ணில் ராஜாவின் கொலை எந்த நொடியில் முடிவாகிறது என்று நீங்களே பிடித்துவிடலாம்.

‘செவில் நாவிதன்’ பாட்டுக்கு ஒரு விளக்கமும் வேண்டாம். நான் சாது, சொன்னபடி கேட்பேன், சீண்டினால் பாம்பு என்கிறாள் ரொஸீனா. சாதுவிலிருந்து பாம்புக்குப் போகிற இடத்தில் கல்லாஸ் முகத்தைப் பாருங்கள், குழந்தைகளுக்கும் பிடிக்கும்.

கடைசியில் வருகிற ‘இல் பிராத்தா’தான் இந்தப் படத்தின் உச்சம். இதை மட்டும் தனியாக இன்னொரு ராத்திரிக்கு வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. இமோஜேனே விருப்பமில்லாத ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டவள், பழைய காதலன் கடற்கொள்ளைக்காரனாகத் திரும்பி வந்து அவள் புருஷனைக் கொன்றுவிடுகிறான், அதற்காக அவனுக்கு மரண தண்டனை. இரண்டு பேரையும் இழக்கிற அந்த நேரத்தில் அவள் புத்தி பேதலித்து வருகிறாள். முதலில் கோர் ஆங்லே என்கிற ஒரு குழல்வாத்தியம் தனியாக இழைகிறது, அதன் இனத்துக் குழலான ஓபோவைவிடக் கீழான, கனத்த குரல் அதற்கு. அது வாசித்து முடிகிற வரை கல்லாஸ் ஒரு சத்தமும் போடுவதில்லை, மறந்துபோன எதையோ தேடுகிறவள் மாதிரி இருக்கிறார். அப்புறம் பாட்டு மெல்லத் தொடங்கி, மகன் அப்பனிடம் கெஞ்சுவதாக நினைத்து உருகி, கடைசியில் தூக்குமேடை கண்ணில் தெரிந்து சூரியனையே இருண்டு போகச் சொல்லிக் கதறுகிற வரை போகிறது. கைகளைக் கவனியுங்கள், தேவையில்லாமல் அசையவே அசையாத கைகள், அசைந்தால் அதற்கு அர்த்தம் உண்டு.

வீட்டில் பெரியவர்கள் கூட உட்கார்ந்தால் கேள்வி வரும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் பெரியம்மா, காவடிக்கு வருஷா வருஷம் கோயிலில் பாடுகிறவர், “ஏன்டா இவ்வளவு உரக்கப் பாடுறா?” என்றுதான் முதலில் கேட்டார். மைக் இல்லை பெரியம்மா, அத்தனை வாத்தியத்தையும் தாண்டிக் கடைசி வரிசைக்கு வெறும் தொண்டையால் போக வேண்டும் என்றேன். பயிற்சி பெற்ற குரலில் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்மை சேர்கிறது, வாத்தியக் குழுவின் பலம் அதைவிட ரொம்பக் கீழே, அதனால்தான் குரல் அமுங்குவதில்லை. அந்த விஞ்ஞானம் எல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மூச்சு எங்கே எடுக்குறான்னே தெரியலையே” என்றார். அதற்கப்புறம் எழுந்து போகவில்லை. நம் பாட்டுக் காதுக்கு இந்த வாசல் நல்லது: சுருதி, மூச்சு, வேகப் பிருகா, இதையெல்லாம் பிடித்துக்கொண்டே உள்ளே போகலாம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கல்லாஸ் குரல் தேன் குரல் இல்லை. உச்ச ஸ்வரங்களில் ஆட்டம் கேட்கும், 1962இல் இன்னும் அதிகமாகவே கேட்கும். அதைக் கேட்டு இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். அந்த ஆட்டத்தோடேயே ஒரு வார்த்தையைக்கூடப் பொருள் இல்லாமல் விடாமல் பாடுகிறாரே, அதற்காகத்தான் இத்தனை வருஷம் கழித்தும் இவரைப் பார்க்கிறோம். 1962 படத்தில் ‘கார்மென்’ பாட்டுகள் இருக்கின்றன, மெட்டு உடனே மனசில் ஒட்டும். ஆனாலும் அதை இரண்டாவதாகவே பாருங்கள்.

இரண்டும் முடிந்த பிறகு 1964இல் லண்டனில் பாடகர் தித்தோ கோபியோடு நடித்த ‘டோஸ்கா’ இரண்டாம் அங்கம். அதற்குப் பிறகு நம் நாட்டுக் குரல்களுக்கு வாருங்கள். டர்பனில் பிறந்து 1956இல் வியன்னா ஓபராவுக்குப் போன மிமி கூர்ட்சே, பீட் ரெட்டீஃபில் பிறந்து ஒரு விளம்பரத்தில் ‘லக்மே’ ஓபராவின் பாட்டைக் கேட்டுப் பாட வந்த பிரெட்டி யெண்டே. அந்த ‘லக்மே’யின் கதாநாயகி ஒரு இந்தியப் புரோகிதரின் மகள் என்பதை வீட்டில் சொன்னால் எல்லோரும் வந்து உட்காருவார்கள். அப்படியே டர்பன் பிளேஹவுஸ் அரங்கின் நிகழ்ச்சி நிரலையும் பார்த்து வையுங்கள், ஓபரா பாட்டு ஒன்று வந்தாலும் டிக்கெட் எடுங்கள். மைக் இல்லாத குரல் நேரில் எப்படி வந்து மோதுகிறது என்பதை எந்தப் படமும் காட்டாது.