வர்க்கமூலக் கணக்கில் நுழையும் பொய் விடை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மாலை வகுப்பு. நான்காம் படிவ மாணவி ஒருத்தி எட் மேத்ஸ் (கூடுதல் கணிதம்) நோட்டை நீட்டினாள். தெரியாத எண்ணைக் 'க' என்று வைத்துக்கொண்டால், கணக்கு இது:

√(க + 7) = க − 5

பள்ளியில் 'புஞ்சா குவாசா டுவா' என்று மலாயில் படிக்கும் அதே வர்க்கமூலம்தான். இருபுறமும் வர்க்கப்படுத்தி, க + 7 = க² − 10க + 25 என்று எழுதியிருந்தாள். சுருக்கினால் க² − 11க + 18 = 0. க = 9, க = 2. இரண்டுக்கும் கட்டம் போட்டு, "ரெண்டும் வந்திருச்சு டீச்சர்" என்றாள். வழியில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் 2 விடை அல்ல.

வைத்துப் பாருங்கள். 9-ஐ வைத்தால் இடப்பக்கம் √16, அதாவது 4, வலப்பக்கமும் 4. 2-ஐ வைத்தால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3.

அப்படியானால் இந்த 2 எங்கிருந்து வந்தது? 3-இன் வர்க்கமும் 9, −3-இன் வர்க்கமும் 9. வர்க்கப்படுத்தியதுமே குறி அழிந்துவிடுகிறது. −√(க + 7) = க − 5 என்ற இன்னொரு கணக்கும் நம் கணக்கோடு கலந்துவிடுகிறது. 2 அந்தக் கணக்கின் விடை. சுருக்கிய வரியைக் கேல்குலேட்டரில் போட்டால் அதற்கு இது தெரியாது; இரண்டையும் காட்டிவிடும். அதனால் கிடைத்த விடையை முதல் வரியிலேயே வைத்துப் பாருங்கள். வர்க்கப்படுத்திய வரியில் வைத்தால் 9 = 9 என்று 2-உம் பொருந்திவிடும். இவ்வளவு உழைத்துவிட்டுக் கடைசி வரியில் பிள்ளைகள் புள்ளியை விடுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

√9 என்றால் 3 மட்டுமே. க² = 9 என்று கேட்டால்தான் ±3. ஆகவே √(க + 1) = −4 என்று வந்தால் பார்த்ததுமே 'விடை இல்லை' என்று எழுதிவிடலாம். வர்க்கப்படுத்தப் போனால் 15 வந்து நிற்கும்.

ஒரே கணக்கில் இரண்டு வர்க்கமூலங்கள் வந்தால் அவசரம் இன்னும் கூடிவிடுகிறது. √(க + 5) + √க = 5 என்பதைத் தனித்தனியே வர்க்கப்படுத்தி, க + 5 + க = 25, க = 10 என்பார்கள். √15 + √10 ஏழையே தாண்டிவிடும். ஒரு மூலத்தை அந்தப் பக்கம் தள்ளுங்கள்: √(க + 5) = 5 − √க. இப்போது வர்க்கப்படுத்தினால் க + 5 = 25 − 10√க + க. நடுவில் வரும் அந்த 10√க-வைத்தான் பலர் தொலைக்கிறார்கள். √க = 2, க = 4. சரிபார்த்தால் 3 + 2 = 5.

கையெழுத்தாலும் கணக்கு கெடும். √ குறி 1525-இல் அச்சேறியது. எண்களின் மேல் நீளும் கோட்டை அதோடு இணைத்தவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் டெக்கார்ட், 1637-இல். முதல் கணக்கில் அந்தக் கோட்டைக் க-வோடு நிறுத்திவிட்டால் 7 வெளியே விழும்: க = 9 எனும்போது 4 வரவேண்டிய இடத்தில் 10 வரும். கோடு 7-இன் தலையைத் தாண்டிய பிறகே பேனாவை எடுங்கள்.