பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெட்டவர் இழப்பீடு கோருவது எப்படி

நூற்பாலையில் பஞ்சைக் கலந்து, பிரித்துச் சுத்தம் செய்து, சிக்கெடுக்கும் மிக்சிங், புளோ ரூம், கார்டிங் பகுதிகளில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவருக்கு வரும் மூச்சுத்திணறலைச் சட்டம் அவருடைய சொந்த உடற்கோளாறாக ஒதுக்கிவிடுவதில்லை. 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நோயைத் தன் மூன்றாம் அட்டவணையில் சேர்த்து, வேலையிடத்து விபத்தில் பட்ட காயத்துக்கு நிகராக வைத்தது. அந்தச் சட்டமும் 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் அடங்கிவிட்டாலும், தொழில்சார் நோய்ப் பட்டியல் அதிலும் தொடர்கிறது.

பட்டியலில் உள்ள நோய் என்பதால், குறிப்பிட்ட காலம் தொடர்ந்து அந்த வேலையைச் செய்திருந்தால் நோய் வேலையால்தான் வந்தது என்று சட்டமே கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. "பீடி குடித்ததால் வந்தது" என்று நிர்வாகம் சொல்லிவிட்டதாலேயே கோரிக்கை விழுந்துவிடாது. பல மில்களில் மாறி மாறி வேலை செய்தவரும் சோர்ந்துபோக வேண்டாம், ஏனெனில் அந்த முதலாளிகள் அனைவரும் விகிதப்படி பொறுப்பேற்க வேண்டும் என்ற ஏற்பாடு இத்தகைய நோய்களுக்கு உண்டு.

இத்தனை இருந்தும் பெரும்பாலான கோரிக்கைகள் மருத்துவரின் சீட்டிலேயே தோற்றுவிடுகின்றன என்பது என் உறுதியான கருத்து. "இருமல், மூச்சுத்திணறல், ஆஸ்துமா" என்ற மூன்று சொற்களும் ஒரு மாத்திரைப் பட்டியலும் மட்டும் உள்ள ஓ.பி. சீட்டு, அந்த மனிதர் பன்னிரண்டு ஆண்டுகள் கார்டிங்கில் நின்றவர் என்பதை எங்கும் சொல்லாது. ஆகவே மருத்துவரிடம் முதலில் உங்கள் வேலையைச் சொல்லுங்கள்: எந்தப் பகுதி, எத்தனை ஆண்டு, எத்தனை மணி நேர ஷிப்ட் என்பதைச் சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். இந்நோய்க்கென்று ஒரு தனி அடையாளம் உண்டு. வார விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும்; அடுத்தடுத்த நாட்களில் தணியும்; நோய் முற்றிய பின்னரே எல்லா நாளும் நீடிக்கும். இதை ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வாருங்கள். எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டால் அதோடு நிறுத்தாதீர்கள், ஏனெனில் எக்ஸ்ரேயில் இந்நோய்க்கென்று தனித் தடயம் தெரிவதில்லை. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையை, முடிந்தால் அந்த முதல் நாளிலேயே ஷிப்டுக்கு முன்பும் பின்பும் செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே காற்றளவு குறைந்திருந்தால் அதுவே வலுவான சான்று.

அடுத்து, எங்கே கோருவது என்ற கேள்வி. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில்தான் கோர வேண்டும். அதே நோய்க்கு முதலாளியிடமும் இழப்பீடு கேட்க முடியாது. அங்கே மருத்துவக் குழு சம்பாத்தியத் திறன் இழப்பை விழுக்காட்டில் நிர்ணயிக்க, அதற்கேற்ப மாதந்தோறும் தொகை வரும். ஈ.எஸ்.ஐ.க்குள் வராதவர் தொழிலாளர் துறையில் இழப்பீட்டுக்கான அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு வந்தவர் மில் நிர்வாகத்தின் மீதே கோரலாம்.

அந்த அதிகாரியிடம் கோர இரண்டு ஆண்டு கெடு உண்டு. நோயால் தொடர்ந்து வேலைக்கு வர இயலாமல் போன முதல் நாளிலிருந்து அது எண்ணப்படும் என்பதால், அந்தத் தேதி விடுப்புக் கடிதத்திலோ மருத்துவச் சான்றிலோ பதிவாகியிருக்க வேண்டும்.

பி.எப். சேவை விவரம், சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றின் நகல்களை வேலையில் இருக்கும்போதே சேர்த்துவிடுங்கள். வேலையை விட்ட பிறகு ஒரு வருகைப் பதிவேட்டுக்காக வாட்ச்மேன் அறை வாசலில் காத்துக் கிடக்க நேரும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வு அறிக்கைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

கணக்கு முடிக்கும்போது "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். கையெழுத்திட மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தாலும் மனுவைக் கொடுங்கள், ஏனெனில் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது.