மாடி ஷீட் வாங்கும்போது எடை போடுங்கள்

மாடிக்கு இரும்பு கலர் ஷீட் வாங்கும்போது, சொல்லும் தடிமனை நம்பாமல் ஒரு ஷீட்டைத் தராசில் வையுங்கள். 4 அடி அகல இரும்புத் தகட்டுச் சுருளிலிருந்து அடித்த 10 அடி ஷீட், 0.50 மி.மீ. என்றால் 14 கிலோவை ஒட்டி வரும். 11 கிலோதான் என்றால் அது 0.40.

துத்தநாகப் பூச்சு, பெயிண்ட் எல்லாம் சேர்த்துத்தான் பெரும்பாலும் தடிமன் சொல்வார்கள். காற்றைத் தாங்குவது உள்ளே இருக்கும் இரும்பு. 1 சதுர மீட்டர் இரும்பு, ஒரு மி.மீ. தடிமனுக்கு 7.85 கிலோ. எடை பொய் சொல்லாது. பெங்களூரின் மே மாதக் காற்றையும் ஆலங்கட்டியையும் பார்த்தால், 0.45க்குக் கீழே நான் போகமாட்டேன்.

அலுமினிய ஷீட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அது மூன்றில் ஒரு பங்கு எடைதான். சுருளின் அகலம் மாறினாலும் இந்த 14, 11 கிலோ கணக்கு மாறும்.