கணுக்கால் சுளுக்கு: கட்டுப் போடுவதிலிருந்து மறுபடி ஆடப்போவது வரை

ஷட்டில் ஆடும்போது பிசகிய என் வலது கணுக்காலைத் தேற்றிய வரிசை இது. ஐஸ் வைக்கத் தெரியாதவர் யாரும் இருக்கமாட்டார்கள் என்பதால் அதைச் சுருக்கிவிட்டு, கட்டுப் போடுவதை நீட்டி எழுதுகிறேன்.

பெரும்பாலும் பாதம் உள்பக்கமாக மடங்கித்தான் சுளுக்கும். அப்போது அடிபடுவது வெளிக்கரண்டைக்குக் கீழே எலும்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் லிகமெண்ட். "நரம்பு ஏறிக்கிச்சு, வழிச்சுவிட்டா இறங்கிடும்" என்பார்கள். ஏறவும் இறங்கவும் அங்கே ஒன்றும் இல்லை. நார் கிழிந்து உள்ளே ரத்தம் கசிகிறது, அவ்வளவுதான். முதல் இரண்டு மூன்று நாளில் எண்ணெய் போட்டு அழுத்தி வழித்தால் கசிவும் வீக்கமும் கூடத்தான் செய்யும்.

1. எக்ஸ்ரே வேண்டுமா?

1992-ல் கனடாவின் ஒட்டாவாவில் மருத்துவர்கள் வகுத்த விதிகள் இதற்கு உதவும். இரண்டு கரண்டை எலும்புகளின் நுனியையும், நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை பின்விளிம்பையும் விரலால் அழுத்துங்கள். பிறகு பாதத்தின் வெளிவிளிம்பில் சுண்டுவிரலுக்கு நேராக, நடுவில் தட்டுப்படும் மேட்டையும், உள்பக்கம் கரண்டைக்குச் சற்று முன்னால் இருக்கும் எலும்பையும் அழுத்துங்கள். எந்த இடத்திலாவது எலும்பின் மேலேயே வலித்தால் எக்ஸ்ரே. அடிபட்டவுடனும் இப்போதும் நாலு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலும் எக்ஸ்ரே. நொண்டி நடந்தாலும் நடைதான்.

கால் கோணலாகத் தெரிந்தாலோ, விரல்கள் மரத்து வெளுத்தாலோ சோதித்துக்கொண்டிருக்காதீர்கள், நேராக மருத்துவமனை.

2. முதல் இரண்டு மூன்று நாள்

ஈரத்துண்டில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு 15 நிமிடம். படுத்துக்கொண்டு, தலையணைகளை அடுக்கி, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே வையுங்கள். வெந்நீர் ஒத்தடம் இப்போது வேண்டாம். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற பழைய சூத்திரத்தை 1978-ல் தந்த அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் எழுதினார். அதனால் ஐஸை வலிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க வேண்டாம்.

3. கட்டு

என்னைப் படுத்தியது இதுதான். கட்டி எழுந்து பாத்ரூம் வரை போவதற்குள் கழன்று செருப்புக்குள் சுருண்டுவிடும். பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து காட்டியபிறகுதான் பிடிபட்டது.

10 செ.மீ. அகலக் கிரேப் பேண்டேஜ் வாங்குங்கள். 15 செ.மீ. கணுக்காலில் மடிப்பு மடிப்பாக நிற்கும். பாதத்தை நிமிர்த்தி, காலோடு 'ட' மாதிரி செங்குத்தாக வையுங்கள். தொங்கவிட்டபடி கட்டினால் நிமிர்த்தியதும் தொய்ந்துவிடும். கழல்வதற்குப் பாதிக் காரணம் அதுவே.

விரல்களின் அடியில் தொடங்குங்கள். பாதத்தின் மேலிருந்து உள்பக்கமாகப் போய், உள்ளங்காலின் அடியில் புகுந்து, வெளிவிளிம்பில் மேலே வரவேண்டும். இந்தத் திசையில் சுற்றினால்தான் வெளிப்பக்கம் தூக்கிப் பிடிக்கப்படும். இரண்டு சுற்று போனபின், வெளிவிளிம்பிலிருந்து முன்கணுக்காலைக் குறுக்கே கடந்து உள்கரண்டை, குதிகாலுக்கு மேலே பின்புறம், வெளிக்கரண்டை, திரும்ப முன்புறம் குறுக்கே இறங்கி உள்ளங்கால். எட்டுப் போடுகிறீர்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடட்டும். குதிகாலையும் ஒரு சுற்றில் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் திறப்பில் வீக்கம் பிதுங்கும்.

விரல் பக்கம் சற்று இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. முடித்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்பவில்லை என்றால் அவிழ்த்துக் கட்டுங்கள். கூடவே வரும் உலோகக் கிளிப்பை நான் தூக்கிப்போட்டுவிட்டேன், துணி பிளாஸ்திரி போதும். தூங்கும்போது அவிழ்த்துவிடுங்கள்.

சாக்ஸ் மாதிரி மாட்டும் ரெடிமேட் பட்டைகள் வீக்கம் இருக்கும்போது தண்டம், இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. திரும்ப ஆடப்போகும்போது கயிறு கட்டும் வகையை வாங்குங்கள். அதற்குச் செலவு செய்யலாம்.

4. அசைவு

வலி இறங்கத் தொடங்கியதும் கால் கட்டைவிரலால் காற்றில் எழுதுங்கள். யூடியூபில் ஏ, பி, சி எழுதச் சொல்வார்கள். 'ஐ', 'ஞ', 'ஔ' எழுதிப் பாருங்கள், கணுக்கால் எல்லாத் திசையிலும் திரும்பிவிடும். பிறகு சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது.

5. ஒற்றைக்கால்

வீக்கம் வடிந்ததும் ஆளுக்காள் நிறுத்திவிடுவது இங்கேதான். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்விகள் லிகமெண்டுக்குள் இருக்கின்றன. நாரோடு சேர்ந்து அவையும் அடிபடும். அதைப் பழக்காவிட்டால் அதே கால் மறுபடி மறுபடி பிசகும். பல் துலக்கும்போது அடிபட்ட காலில் மட்டும் நில்லுங்கள். 30 விநாடி தள்ளாடாமல் நின்றால், அடுத்தது கண்ணை மூடிக்கொண்டு, சுவர் பக்கத்தில். தலையணை மேல் நிற்பது அதற்கும் அப்புறம். ஒற்றைக்காலில் வலியில்லாமல் துள்ள முடிகிறவரை கோர்ட் பக்கம் போகவேண்டாம். லேசான சுளுக்குக்கு ஓரிரு வாரம், பாதி கிழிந்திருந்தால் ஆறு வாரம்கூட ஆகும்.

பின்சேர்க்கை (கருத்துகளைப் படித்தபின்)

மூன்றாம் நாள் விரல்வரை நீலம் பாரித்ததாகச் சிலர் பயந்திருந்தார்கள். கசிந்த ரத்தம் கீழே இறங்குகிறது. விரல் சூடாகவும் உணர்வோடும் இருந்தால் கவலை இல்லை.

ஒருவர், சர்க்கரை நோயுள்ள அப்பாவுக்குக் கால் வீங்கிச் சூடாக இருக்கிறது, வலியே இல்லை, கட்டலாமா என்று கேட்டிருந்தார். கட்டாதீர்கள். பாதம் மரத்துப்போனவர்களுக்கு எலும்பு உடைந்தாலும் வலிக்காது, மேலே சொன்ன அழுத்திப் பார்க்கும் சோதனையும் அவர்களிடம் செல்லாது. காலை ஊன்றவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

கரண்டைக்கு மேலே, கெண்டைக்காலை இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்கினால் கணுக்காலில் வலிக்கிறது என்றவருக்கு: அது இரண்டு கால் எலும்புகளை இணைக்கும் மேல் நார். இந்த வரிசை அதற்குப் பொருந்தாது, எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.