பழைய தமிழ்ப் புத்தகம் வாங்குமுன்: ஆண்டு பார்ப்பது, ஃபாரம் எண்ணுவது

நடைபாதைக் கடையில் மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போதே "நூறு வருஷத்துப் புஸ்தகம் சார்" என்று விலை ஏறிவிடும். விற்பவர் பொய் சொல்கிறார் என்றில்லை. அட்டை போய், பழுப்பேறி, முனை உதிர்ந்தால் 1950இல் வந்த பாடப் புத்தகமும் அப்படித்தான் தெரியும். எந்த ஆண்டு அச்சானது, முழுசாக இருக்கிறதா? இந்த இரண்டும் தெரிந்த பிறகு விலை பேசுங்கள். கையில் 10 மடங்கு லென்ஸ், செல்போன் டார்ச், பென்சில், ஒரு வெள்ளைத் தாள் இருந்தால் போதும்.

1. தலைப்பக்கத்தில் ஆண்டைப் படியுங்கள்

பழைய பதிப்புகள் பலவற்றில் ஆண்டு தமிழ் எண்ணில் இருக்கும். ௲௮௱௮௰௭ என்றால் ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழு, அதாவது 1887. கலியுக ஆண்டு மட்டும் இருந்தால் 3101ஐக் கழியுங்கள்: 4988 என்பதும் 1887தான். சாலிவாகன சகாப்தம் என்றால் 78ஐக் கூட்டுங்கள்.

தடுமாற வைப்பது வருஷப் பெயர். "தாது௵ தை௴" என்று இருக்கிறது என்று வையுங்கள் (௵ என்பது வருஷத்துக்கும் ௴ என்பது மாதத்துக்கும் குறி). தாது வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1816, 1876, 1936. தமிழ் வருஷம் சித்திரையில் பிறப்பதால், தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். ஆகவே இது 1877 அல்லது 1937. (1817ஐ ஏறக்குறைய மறந்துவிடலாம். 1835இல் அச்சகக் கட்டுப்பாடு நீங்கிய பிறகுதான் நம்மவர் அச்சகங்கள் பெருகின.) மிச்சமுள்ள இரண்டில் எது என்பதை அச்சகத்தின் பெயரும், கடைசிப் பக்கத்துப் புத்தக விளம்பரமும், தாளும் சொல்லும். 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அச்சிட்டவர் பெயரும் இடமும் போட்டே ஆகவேண்டும் என்பதால் அந்த வரியைத் தேடுங்கள்.

2. தலைப்பக்கமே இல்லையா?

பெரும்பாலும் இருக்காது. அப்போது விலையைப் பாருங்கள். அணாக் கணக்கு இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தைய அச்சு. "ந.பை." (நயா பைசா) என்றால் அதற்குப் பிந்தைய ஏழெட்டு ஆண்டுகள். யாழ்ப்பாணப் பதிப்பில் அணாவைத் தேடாதீர்கள், அங்கே சதம். முகவரியில் 600 005 போல ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. வெறும் "சென்னை-5" என்றால் பெரும்பாலும் அதற்கு முந்தையது.

எழுத்தும் உதவும். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் ஏற்றது. ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போலச் சுருண்டிருந்தால் பழைய வடிவம். புதிய வடிவம் இருந்தால் 1978க்குப் பிந்தையது என்று கொள்ளலாம், 1935லிருந்தே சீர்திருத்த எழுத்தில் வந்த பெரியாரின் வெளியீடுகள் நீங்கலாக. பழைய வடிவம் இருப்பதை மட்டும் வைத்துப் பழைய புத்தகம் என்று முடிவு கட்டாதீர்கள். பழைய அச்செழுத்தைத் தூக்கிப் போட மனமில்லாத அச்சகங்கள் நிறைய.

இன்னொரு பொறி, நிழற்படிப் பதிப்பு. பழைய பக்கத்தைப் படமெடுத்து ஆஃப்செட்டில் அடித்திருப்பார்கள்; தலைப்பக்கத்தில் 1887 என்றே இருக்கும். டார்ச்சைப் பக்கத்தின் ஓரத்தில் தாழ்வாகச் சாய்த்துப் பிடியுங்கள். ஈய எழுத்தில் அடித்த தாள் பின்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும், விரலுக்கும் தட்டுப்படும். ஆஃப்செட் மொழுமொழுவென்று இருக்கும்.

3. ஃபாரம் எண்ணுங்கள்

பக்க எண்ணைப் புரட்டிவிட்டு "சரியாக இருக்கிறது" என்பது தொடக்கக்காரர் தவறு. பக்கத்தின் அடியில், ஓரமாக, சின்னதாக ஓர் எண் வரும். அது ஃபாரம் எண். ஒரே பெரிய தாளில் அச்சடித்து மடித்த பக்கக் கட்டுதான் ஃபாரம். 16 பக்க ஃபாரமாக இருந்தால் 2 என்பது 17ஆம் பக்கத்திலும், 3 என்பது 33இலும், 4 என்பது 49இலும் விழும். 8 பக்க ஃபாரமானால் 9, 17, 25. நடுவில் ஓர் எண் விட்டுப்போனால் அங்கே ஒரு ஃபாரமே காணோம்.

எண்கள் சரியாக இருந்து ஒரு ஃபாரத்தின் தாள் மட்டும் வேறு நிறமாக இருந்தால், இன்னொரு பிரதியிலிருந்து எடுத்துச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். வாங்கலாம், ஆனால் முழுப் பிரதி விலைக்கு வேண்டாம்.

முகவுரை தனி எண்ணில் ஓடும், அதைத் தனியாக எண்ணுங்கள். முதலில் தொலைவது பிழைதிருத்தப் பக்கமும் கையொப்பக்காரர் பட்டியலும். முன்பணம் தந்து பதிப்புக்கு உதவியவர்கள் ஊர் ஊராக அதில் இருப்பார்கள். பாட்டும் உரையும் மறுபதிப்பில் கிடைத்துவிடும், அந்தப் பட்டியல் கிடைக்காது. மறுபைண்டிங்கில் ஓரம் வெட்டுப்பட்டு, விளிம்புக் குறிப்புகள் பாதியில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள்.

4. தாள், பூச்சி, முத்திரை

வெள்ளைத் தாள்மேல் முதுகுப்பக்கத்தை மெல்லத் தட்டுங்கள். மாவு போலப் புதுத்தூள் விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. வெறும் ஓட்டை பழைய கதை. தாள் மொறுமொறுத்துவிட்டதா என்று முனையை மடக்கிப் பார்க்காதீர்கள், கையோடு வந்துவிடும். நூலக முத்திரை இருந்தால், கழிக்கப்பட்டது என்ற குறிப்பும் இருக்கவேண்டும். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

5. விலை

பழையது என்பதால் மட்டும் அரிதாகிவிடாது. மரியாதையான காவியப் பதிப்புகளைப் பத்திரப்படுத்தினார்கள். காலணா, அரையணாவுக்குத் தெருவில் விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகத்தை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. இன்று தேடினால் பின்னதுதான் கிடைப்பதில்லை. ரோஜா முத்தையா நூலகப் பட்டியலிலும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலும் தேடி, எந்தப் பதிப்பு, எத்தனை பக்கம் என்று ஒப்பிட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். ஓலைச்சுவடி பக்கம் இப்போதைக்குப் போகவேண்டாம். 75 ஆண்டு கடந்த சுவடிகள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வெளிநாடு அனுப்புவது குற்றம்.

6. வீட்டுக்கு வந்ததும்

மற்றப் புத்தகங்களோடு சேர்க்காதீர்கள். ஈரமில்லை என்று பார்த்து, காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் கவரைத் திறக்கக்கூடாது. ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். அவசரப்பட்டால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும்.

செல்லோடேப் வேண்டவே வேண்டாம். சில ஆண்டில் பட்டை உதிர்ந்துவிடும், எண்ணெய்க் கறை நிற்கும். லேமினேஷனும் கூடாது. பைண்டரிடம் கொடுப்பதானால் ஓரம் வெட்டவேண்டாம் என்றும், பசையில் மயில்துத்தம் சேர்க்கவேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லுங்கள். துத்தம் பூச்சியைத் தடுக்கும், கூடவே தாளையும் அரிக்கும்.

கடைசியாக ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் எழுதுங்கள்: வாங்கிய இடம், நாள், விலை, ஃபாரம் கணக்கு, காணாமல்போன பக்கங்கள். அந்தப் பக்கங்களின் நகல் பிறகு எங்காவது கிடைத்தால் ஒட்டாமல், தனி உறையில் போட்டுப் புத்தகத்தோடு வையுங்கள்.