தோட்டத்து மைதானத்தில் கலை இரவு நடத்தப் போகிறவர்களுக்கு

தப்பு மேளம், கண்டிய நடனம், முஸ்லிம்களின் றபான் மேளம், கூத்துக் கதை எல்லாம் ஒரே இரவில் வேண்டும் என்று வாசிகசாலைப் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்தில் பல காலம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன் நான். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாள் குறியுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை நம் மேற்குச் சரிவை விடாது. ஜனவரி நல்லது. மாசியில் தோட்டத்துக்குத் தோட்டம், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து நடப்பதால் கூத்து வாத்தியார் கையில் சிக்கமாட்டார். கண்டி எசல பெரஹர ஊர்வலக் காலத்தில் கண்டிய ஆட்டக்காரர்களும் அப்படித்தான். சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமை என்றால் சனம் தானாக வரும். மைதானத்துக்குத் தோட்டத்தை நடத்தும் துரையிடமும் ஒலிபெருக்கிக்குப் பொலிஸிலும் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.

மேடை வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரன். காமன் கூத்து பொட்டலில், சனம் சுற்றி நிற்க ஆடுகிற ஆட்டம். பலகை மேடையில் ஏற்றினால் பாதி உயிர் போய்விடும். கண்டிய ஆட்டக்காரர் காலை ஓங்கி வைக்கும்போது பலகை அதிர்ந்து மைக்கும் சேர்ந்து இரையும். தரையில் வட்டமாகப் படங்கு விரித்து, சின்னப் பிள்ளைகளை முன்னால் உட்கார வையுங்கள்.

பனி இறங்கினால் தப்பின் தோல் தொய்ந்து பொத்துப் பொத்தென்று கேட்கும். அதனால் வட்டத்துக்கு வெளியே, காற்று அடிக்காத பக்கத்தில், காய்ந்த மிலாறு (வெட்டிய தேயிலைக் குச்சி) போட்டு ஒரு நெருப்பு வேண்டும். தப்புக்காரர் தப்பைச் சாய்த்துப் பிடித்து, சுவாலை தொடாத உயரத்தில் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். ஒரே இடத்தில் காட்டினால் தோல் வெடித்துவிடும். நடுநடுவே விரலால் சுண்டிப் பார்ப்பார். கணீரென்று வந்ததும் எழுந்துவிடுவார், அதன் பிறகு அவரைக் காக்க வைக்கக் கூடாது. வரவேற்புரை, நன்றியுரை எல்லாவற்றையும் சூடு காட்டுகிற நேரத்திலேயே முடித்துவிடுங்கள். அரசியல்வாதி வந்தால் அவருக்கும் அதே நேரம்தான். ‘கெட்ட பெரய’ என்கிற கண்டிய நடன மேளத்தை யாரும் நெருப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், அதை உடையவர் பார்த்துக்கொள்வார்.

அப்புறம் மரியாதை. தப்புக்காரரைச் சாவுக்கும் திருவிழாவுக்கும் கூப்பிட்டுவிட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்கள் நம் ஆட்கள்தான். சிங்கள ஊர்களில் பெர அடிப்பவர்களுக்கும் இதே கதை உண்டு. உடை மாற்ற ஒரே அறை, ஒரே மாதிரித் தேத்தண்ணிக் கோப்பை, ஒரே பந்தி. காசை ஆட்டத்துக்கு முன்னமே உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். கண்டிய ஆட்டக்காரர் அணிகிற வெஸ் தலையணி விளையாட்டுச் சாமான் இல்லை, சடங்கு செய்து தலையில் ஏற்றுகிற பொருள். அதை வைக்கச் சுத்தமான மேசை ஒன்று கொடுங்கள். படம் எடுக்க யாரும் தலையில் மாட்டிப் பார்க்கக் கூடாது. றபான் குழுவுக்குத் தொழுகை முடிந்த பிறகு முறை கொடுங்கள், பாங்கு கேட்டால் மைக்கை நிறுத்துங்கள்.

கதைக்கு இரண்டு பாஷையும் தெரிந்த ஒருவர் வேண்டும். வரிக்கு வரி மொழிபெயர்த்தால் கூத்து நின்றுவிடும். ஆட்டத்துக்கு முன்னால் நாலு வசனம் போதும்: சிவன் தவத்தில் இருக்கிறார், மன்மதன் மலரம்பு விடுகிறான், நெற்றிக்கண்ணில் எரிந்து சாம்பலாகிறான், ரதி அழுகிறாள். சிங்களச் சனத்துக்கு, புத்தரின் தவத்தைக் கலைக்க வந்த மாரனில் இருந்து தொடங்கினால் சட்டென்று பிடிபடும். ரதி ஒப்பாரி வந்ததும் யாரும் பேச வேண்டியதில்லை. ஆனால் பருவம் இல்லாத காலத்தில் ரதி மதனை ஆடலாமா என்று வாத்தியாரிடம் முன்னமே கேளுங்கள். சிலருக்கு அது நேர்த்திக்கடன். மனமில்லை என்றால் பொன்னர் சங்கர் கூத்தில் ஒரு கட்டம் வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியில் எல்லோரையும் ஒன்றாக நிறுத்தி ஆடவிடுகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது, அது சத்தம்தான். பின்னேரமே தப்புக்காரரையும் பெரக்காரரையும் உட்காரவைத்து ஒரு அடியைக் கேட்டு மறுஅடி கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒத்துப்போனால் இரவில் பத்து நிமிடம் விடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தனித்தனியாக அடிக்கட்டும்.

பத்து மணிக்கு முன் முடியுங்கள். அந்த நேரத்தில் பஸ் இருக்காது, கலைஞர்களை வீட்டில் விட ஒரு வேனை முதலிலேயே பேசி வையுங்கள்.