பழைய சோலார் பேனலை மாற்றலாமா? காசு கொடுப்பதற்கு முன் நீங்களே பார்க்க வேண்டியவை

2013, 2014 வாக்கில் தமிழக அரசு கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. அப்போது மாடியில் சோலார் போட்ட வீடுகள் பல இன்றும் அதே பேனலோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வீட்டுக்காரர்களிடம் சோலார் விற்பவர்கள் இப்போது அடிக்கடி சொல்வது இதுதான்: "உங்க பேனல் பழைய மாடல் சார், கழற்றிட்டுப் புதுசு போட்டுடலாம்." கேட்டவுடன் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். நல்லபடியாக ஓடும் பேனலைக் கழற்றுவது பெரும்பாலான வீடுகளுக்கு நஷ்டம்தான். கீழே உள்ள வேலைகளை வரிசை மாறாமல் செய்து பாருங்கள். உங்கள் வீட்டுக்கு எது சரி என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

படி 1: ஸ்டிக்கரைப் படியுங்கள்

பேனலின் அடிப்பக்கம் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். குனிந்து, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷப் பேனல் என்றால் பெரும்பாலும் 250 வாட், 60 செல், நீல நிறப் பாலி (பாலிகிரிஸ்டலைன்) வகை. அதில் 'வி.எம்.பி.' (Vmp, முழு உற்பத்தியின்போது வோல்டேஜ்) என்ற வரியில் சுமார் 30 வோல்ட் என்றும், 'ஐ.எம்.பி.' (Imp, அப்போதைய கரண்ட்) வரியில் எட்டு ஆம்பியருக்குச் சற்று மேலாகவும் போட்டிருக்கும். இதில் ஆம்பியர் எண் பின்னால் தேவைப்படும்.

பேனல் தரும் டி.சி. மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டிதான் இன்வெர்ட்டர். அதன் பக்கவாட்டிலும் ஒரு ஸ்டிக்கர் உண்டு. எத்தனை எம்.பி.பி.டி. (MPPT, பேனல் வரிசையை இணைத்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும் பகுதி), ஒவ்வொன்றும் அதிகபட்சம் எத்தனை ஆம்பியர் டி.சி. வாங்கும் என்று அதில் பாருங்கள். கரண்ட் பில்லில் உங்கள் அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: இப்போது எவ்வளவு வருகிறது?

நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சோலார் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கொடுக்கும். இன்வெர்ட்டர் திரையில் அன்றைய உற்பத்தி தெரியும், வைஃபை இருந்தால் ஆப்பிலும் பார்க்கலாம். மழை, மேகம் இல்லாத மாசி, பங்குனி நாள்களில் ஒரு வாரம் தொடர்ந்து எழுதி வையுங்கள். ஐப்பசி மழையில் எடுத்த கணக்கு எதற்கும் உதவாது.

பேனலுக்கு வயதாவதால் வரும் இழப்பு வருஷத்துக்கு அரை சதவீதத்திலிருந்து முக்கால் சதவீதம் வரைதான். வாரண்டி அட்டையிலேயே பத்து வருஷத்துக்கு 90 சதவீதம், 25 வருஷத்துக்கு 80 சதவீதம் என்று உறுதி கொடுத்திருப்பார்கள். ஆக, 12 யூனிட் கொடுத்த 3 கிலோவாட் அமைப்பு இன்று 11 கொடுத்தால் அது ஆரோக்கியமாக இருக்கிறது. எட்டுதான் வருகிறது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புதுப் பேனல் போட்டால் அந்தக் கோளாறும் கூடவே வரும்.

படி 3: தொலைந்ததை மீட்டெடுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன், ஏனென்றால் செலவு குறைவு, பலன் அதிகம்.

முதலில் நிழல். சோலார் போட்டபோது சின்னதாக இருந்த தென்னையும் வேம்பும் இன்று மாடிக்கு மேல் வளர்ந்திருக்கும். பக்கத்து வீட்டில் ஒரு மாடி ஏறியிருக்கும், நீங்களே தண்ணீர்த் தொட்டியை இடம் மாற்றி வைத்திருப்பீர்கள். 60 செல் பேனலுக்குள் செல்கள் மூன்று வரிசைக் குழுக்களாக இருக்கின்றன. ஒரு குழுவில் ஒரேயொரு செல் மேல் ஓலை நிழல் விழுந்தாலும் பைபாஸ் டயோடு (கரண்டைச் சுற்றி அனுப்பும் சின்னப் பாகம்) அந்தக் குழுவையே விட்டுவிடும், அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். காலை 9 மணி, நண்பகல், மாலை 3 மணி என மூன்று வேளை மேலே போய் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒரு கிளையை வெட்டுவதோடு வேலை முடிந்துபோகலாம்.

அடுத்தது அழுக்கு. போர் தண்ணீரில் கழுவிக் கழுவிக் கண்ணாடியில் உப்புக்கறை வெள்ளையாகப் படிந்திருந்தால் வெறும் துணிக்குப் போகாது. மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ வைத்து மெல்லிய ஸ்பான்ஜால் துடைக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் செய்யுங்கள். சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம்.

மூன்றாவது ஒயரிங். பேனல்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர் கருகியிருக்கிறதா, ஒயரை அணில் கடித்திருக்கிறதா, எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இதில் நீங்கள் கை வைக்க வேண்டாம். வெயில் இருக்கும்வரை டி.சி. பக்கம் உயிரோடுதான் இருக்கும், மெயினை அணைத்தாலும் அங்கே கரண்ட் நிற்காது.

படி 4: இன்வெர்ட்டர்

பேனல் 25 வருஷம் தாங்கும், இன்வெர்ட்டர் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஓய்ந்துவிடும். மத்தியான வெயிலில் அடிக்கடி ட்ரிப் ஆகிறது, திரையில் எர்ரர் காட்டுகிறது என்றால் அதை மட்டும் மாற்றுங்கள். எதிர்காலத்தில் பேனல் கூட்டும் எண்ணம் இருந்தால் இரண்டு எம்.பி.பி.டி. உள்ளதாக வாங்குங்கள். கரண்ட் போனால், மின்வாரிய லைனோடு சேர்ந்து மட்டுமே ஓடும் சாதாரண ஆன்கிரிட் இன்வெர்ட்டர் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். மின்வெட்டு நேரத்திலும் ஃபேன் ஓட வேண்டும் என்பவர்கள் இந்தச் சமயத்திலேயே பேட்டரியும் இணைக்கக்கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கு மாறலாம், லித்தியம் பேட்டரியைப் பிறகு சேர்க்கலாம். மின்வெட்டு குறைவான பகுதியில் பேட்டரிக்குப் போடும் காசு திரும்புவது கஷ்டம்.

படி 5: பில்லை வைத்துக் கணக்குப் போடுங்கள்

சோலார் மிச்சப்படுத்துவது உங்கள் பில்லின் உச்சியில் இருக்கும் யூனிட்டை. 2024 ஜூலை கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேல் யூனிட் 8.55 ரூபாய், 600-க்கு மேல் 9.65. அதோடு 500-ஐத் தாண்டியவுடன் கீழ்ப்படிகளின் விலையும் ஏறிவிடும். 500 யூனிட்டில் சுமார் 1,800 ரூபாயாக இருக்கும் பில், 501-ல் சுமார் 2,090 ஆகிவிடுகிறது.

ஒரு கிலோவாட் கூடுதலாகப் போட மானியம் இல்லாமல் 60,000 ரூபாய் என்று வையுங்கள். வருஷத்துக்கு சுமார் 1,440 யூனிட் வரும். உங்கள் பில் 500-க்கு வெகு மேலே நிற்கிறது என்றால் வருஷம் 12,000 ரூபாய்க்கு மேல் மிச்சம், ஐந்து வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும். பில் ஏற்கெனவே 200 யூனிட்டுக்குக் கீழே இருந்தால்? அதே 2024 கட்டணப்படி அங்கே யூனிட் 2.35 ரூபாய்தான், அதிலும் முதல் 100 இலவசம். அந்தப் பணத்தை வங்கியில் போட்டுவிடுங்கள்.

முழுவதும் மாற்றினால் என்ன ஆகும் என்றும் பார்ப்போம். பழைய 250 வாட் பேனல் 12 இருந்த இடத்தில் 550 வாட் பேனல் ஏழு வைக்கலாம், அதாவது 3 கிலோவாட் 3.85 ஆகும். வயதால் போனதையும் சேர்த்தால் நாளுக்கு நாலரை யூனிட் கூடும். செலவு? புதுப் பேனல் கிட்டத்தட்ட 28 கிலோ, நீளம் 2.28 மீட்டர். பேனலைத் தாங்கும் பழைய ஸ்ட்ரக்சரில் துளை பொருந்தாது, இன்வெர்ட்டரும் பொருந்தாது. எல்லாம் சேர்ந்து இரண்டு லட்சத்தை நெருங்கும். 8.55 ரூபாய்க் கணக்கிலேயே காசு திரும்ப 14 வருஷம் ஆகும்.

அதனால் மாடியில் இடம் இருந்தால் பழையதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாகச் சேர்ப்பதுதான் என் யோசனை. முழுசாக மாற்றுவதில் அர்த்தம் உள்ள வீடுகளும் உண்டு: இடமே இல்லை, ஏ.சி.யும் மின்சார ஸ்கூட்டரும் வந்து பில் எகிறிவிட்டது, அல்லது கண்ணாடி உடைந்து, பின்பக்க ஷீட் வெடித்து, செல் பழுப்பேறிப் பேனல் உண்மையாகவே கெட்டுவிட்டது.

படி 6: சேர்க்கும்போது கலக்காதீர்கள்

முதல் படியில் குறித்த ஆம்பியர் எண் இங்கேதான் வேலைக்கு வருகிறது. வரிசையாக இணைத்த பேனல்களில் குறைந்த கரண்ட் கொடுப்பதுதான் மொத்த வரிசையின் கரண்டைத் தீர்மானிக்கும். எட்டு ஆம்பியர் பேனலோடு 13 ஆம்பியர் தரும் 550 வாட் பேனலைக் கோத்தால் புதியதும் எட்டுக்கு இறங்கிவிடும். புதியவற்றுக்குத் தனி வரிசை, தனி எம்.பி.பி.டி. வேண்டும், இல்லையென்றால் தனி இன்வெர்ட்டர். பத்துப் பதினொரு ஆம்பியர் மட்டுமே வாங்கும் பழைய இன்வெர்ட்டரில் புதுப் பேனலை மாட்டினால் மிச்ச கரண்ட் வீணாகும்.

படி 7: மின்வாரியத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்

நெட் மீட்டர் (வாங்கும் மின்சாரத்தையும் திருப்பி அனுப்பும் மின்சாரத்தையும் அளக்கும் மீட்டர்) வைத்திருப்பவர் சோலார் திறனைக் கூட்டுவதற்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். மின்பளு போதவில்லை என்றால் அதையும் கூட்ட வேண்டும். மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய்தான் உச்சவரம்பு. பேனல் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் செய்யப்பட்டிருக்க வேண்டும்; அப்படிப்பட்ட 'டி.சி.ஆர்.' (DCR) பேனலுக்கு மட்டுமே இந்த மானியம். கொட்டேஷனில் 'டி.சி.ஆர்.' என்று எழுதி வாங்குங்கள், அது இல்லாத பேனல் விலை மலிவு என்பதால் சிலர் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே சோலார் உள்ள வீடு என்பதை விண்ணப்பத்திலேயே தெரிவித்து, எவ்வளவு மானியம் என்று உறுதியான பிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

கழற்றிய பேனலை இரும்புக்கடையில் எடைக்குப் போட வேண்டாம். 2022-ன் மின்கழிவு விதிகளில் சோலார் பேனலும் அடக்கம். ஓடும் நிலையில் இருந்தால் தோட்டத்து விளக்குக்கோ மாட்டுக்கொட்டகை விளக்குக்கோ சார்ஜ் கண்ட்ரோலர் வைத்துப் பயன்படுத்தலாம், உடைந்ததைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.